கோடையின் தொடக்கம்: இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

நான் முதன்முதலில் வளர்த்த செம்பருத்தி வெயிலில் சாகவில்லை, என் கையால் செத்தது. மதியம் இலைகள் தொங்கும்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, வழவழவென்று நாற்றமடித்தது.

உச்சி வெயிலில் இலை இழக்கும் ஈரத்தை வேரால் உடனுக்குடன் ஈடுகட்ட முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் செடி வாடித் தெரியும். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். காலையிலும் வாடியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 1: மண்ணைத் தொடுங்கள்
ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்று ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடுத்த படி.

படி 2: காலையில், நின்று நிதானமாக
வெயில் ஏறுமுன் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து, முதல் அனலிலேயே கருகும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் விட்டுவிட்டுச் செடிக்குக் காட்டுங்கள்.

ஊற்றிய உடனே நீர் அடியில் ஓடிவிடுகிறதா? மகிழ வேண்டாம். மண் இறுகிச் சுருங்கி, தொட்டியின் ஓரத்து இடுக்கு வழியாக நீர் நழுவுகிறது. தொட்டியை அப்படியே ஒரு வாளி நீரில் இறக்குங்கள். குமிழிகள் வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

படி 3: மூடாக்கு
காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் நார் எதுவானாலும் சரி, மண்மேல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும். கோடைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 4: நிழல்
காய்கறிச் செடிகளுக்கு வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை போதும். பிற்பகல் வெயில் விழும் பக்கத்தை மறைத்தாலே பாதி வேலை முடிந்தது. கடும் வெப்பத்தில் தக்காளி பூவை உதிர்க்கும்; அதற்காக உரத்தைக் கொட்டாதீர்கள். மகரந்தம் கெட்டுப்போவதால் வரும் உதிர்வு அது, வெப்பம் தணிந்தால் காய்க்கும்.

படி 5: கத்தரிக்கோலும் உரமும்
காய்ந்த கிளை, வாடிய பூ இவற்றை மட்டும் நீக்குங்கள். ஒட்ட வெட்டும் கவாத்து இப்போது வேண்டாம். அதுவரை இலை நிழலில் இருந்த தண்டு வெயிலில் வெந்துவிடும். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும். முதலில் நீர், மறுநாள் கொஞ்சம் மண்புழு உரம்.

படி 6: பூச்சி
இலையில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். இலைகளின் அடிப்பக்கத்தை நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகும் குறையாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, முதலில் ஓரிரு இலைகளில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் இலை கருகவில்லையென்றால் செடி முழுதும் தெளிக்கலாம். அதையும் சாயங்காலத்தில்தான் செய்ய வேண்டும். வெயிலில் எண்ணெய் பட்ட இலை பொரிந்துவிடும்.