செஸ் எஞ்சினுக்கு எத்தனை கோர்களைக் கொடுக்க வேண்டும்?

பினாங்கில் மாணவர்களுக்குச் சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சதுரங்க நகர்வுகளைக் கணக்கிடும் மென்பொருளான ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைப் பதிவிறக்கி அப்படியே ஓடவிட்டால், அது ஒரே ஒரு த்ரெட்டில்தான் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் ஓடும் வேலைச்சரடு) சிந்திக்கும்; கணினியில் எத்தனை கோர்கள் (செயலியின் தனித்தனிக் கணக்கிடும் பகுதிகள்) இருந்தாலும் மற்றவை சும்மா இருக்கும்.

முதலில் உங்கள் கணினியை அறிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்தால், கோர்களின் எண்ணிக்கையும் லாஜிக்கல் ப்ராசசர்களின் எண்ணிக்கையும் தனித்தனியே தெரியும். 1972இல் இன்டெல் தொழிற்சாலை திறக்கப்பட்ட தீவு நம் பினாங்கு. சிப் துறையில் வேலை செய்யும் உறவினர் இருந்தால், இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரே சொல்லித்தருவார். ஒரு கோர் இரண்டு த்ரெட்டுகளை ஏற்கும்போது, 4 கோர்கள் 8 லாஜிக்கல் ப்ராசசர்களாகத் தெரியலாம். ஆனால் கூடுதலாகத் தெரியும் அந்த 4, உண்மையான கோருக்கு ஈடான பலனைத் தருவதில்லை.

இப்போது எஞ்சினை ஓடவிட்டு, அதே பக்கத்தில் சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 8 லாஜிக்கல் ப்ராசசர்கள் உள்ள கணினியில், வேறு எதுவும் ஓடாதபோது, அது 12 அல்லது 13 விழுக்காட்டில் நின்றால் ஒரு த்ரெட் மட்டுமே வேலை செய்கிறது என்று பொருள்.

அடுத்து, எஞ்சினின் அமைப்புப் பகுதியில் த்ரெட்ஸ் என்ற வரியைத் தேடி, 8 லாஜிக்கல் ப்ராசசர்கள் இருந்தால் 6 அல்லது 7 என மாற்றுங்கள். மிச்சம் விண்டோஸுக்கும் பலகையைக் காட்டும் மென்பொருளுக்கும் தேவைப்படும். இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்தால் த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று முறை வைத்துக் காத்திருக்கும். ஹேஷ், அதாவது ஆராய்ந்த பலகை நிலைகளை எஞ்சின் குறித்துவைக்கும் நினைவகத்தின் அளவை, த்ரெட்ஸுக்குப் பிறகே மாற்றுங்கள்: இயல்பாக இருக்கும் 16 மெகாபைட், பல த்ரெட்டுகளுக்கு மிகக் குறைவு, 8 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 1024 மெகாபைட் போதுமானது.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். த்ரெட்டுகளை இரு மடங்காக்கினால் ஒரு நொடிக்கு ஆராயப்படும் நிலைகள் ஏறக்குறைய இரு மடங்காகலாம். ஆட்டத்தின் வலிமை அந்த அளவுக்குக் கூடாது. பயனற்ற நகர்வுகளை முழுதும் ஆராயாமல் ஒதுக்கும் ஆல்ஃபா-பீட்டா தேடலில், முதல் நகர்வின் மதிப்பு தெரிந்த பிறகே மற்ற நகர்வுகளில் பலவற்றை வேகமாக வெட்டித்தள்ள முடியும் என்பதால், வேலையைச் சம பங்காகப் பிரித்துக்கொடுக்க இயலாது. 2016இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 7 முதல் பயன்படும் லேசி எஸ்எம்பி முறையில், எல்லா த்ரெட்டுகளும் ஒரே நிலையையே ஆராய்ந்து, கண்டதை ஹேஷ் அட்டவணையில் பொதுவாக எழுதிவைக்கின்றன. அதனால் ஒன்று செய்த வேலையை இன்னொன்று ஓரளவு மறுபடியும் செய்கிறது. நொடிக்கு எத்தனை நிலைகள் என்ற நொடிக்கணக்கு எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வது சரியான அளவுகோல் ஆகாது என்பதே என் கருத்து.

இரு எஞ்சின்களை மோதவிடும்போது, எதிராளியின் நேரத்திலும் சிந்திக்கும் பாண்டர் வசதியை அணைத்துவிடுங்கள். பாண்டர் வேண்டுமென்றால் த்ரெட்டுகளை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே கோர்களுக்குப் போட்டியிட, முடிவை நம்ப முடியாது. நம் ஊர் வெப்பத்தில் மடிக்கணினி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். சில நிமிடங்களில் நொடிக்கணக்கு எண் இறங்கினால், காற்றோட்டமான மேசைக்கு மாற்றி, மின்னிணைப்பிலேயே வைத்து ஓட்டுங்கள்.

பல த்ரெட்டுகளில் ஒரே நிலையை இருமுறை ஆராய்ந்தால் வெவ்வேறு நகர்வுகள் வரலாம். த்ரெட்டுகள் அட்டவணையில் எழுதும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதால் அப்படி நேர்கிறது. இது கோளாறு அன்று. மாணவரிடம் ஒரு நகர்வைச் சிறந்தது என்று காட்டும் முன், எஞ்சினை இன்னும் சற்று நேரம் சிந்திக்கவிட்டு, விடை நிலைக்கிறதா என்று பாருங்கள்.