ஆயர் கவிதை: மரநிழலோடு நின்றுவிடாதீர்கள்

ஆடு மேய்ப்பவர்கள் பாடுவதாக அமைந்த மேற்கத்திய ஆயர் கவிதைகளைப் புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். பெயர்க் குழப்பமெல்லாம் இரண்டாம் வாசிப்பில் தீர்ந்துவிடும். தானாகத் தீராதவை இவை.

மேய்ப்பனை நிஜ மேய்ப்பன் என்று நம்புவது

ஆங்கிலக் கவிஞர் மார்லோவின் புகழ்பெற்ற ஆயர் பாடல் 1599இல் அச்சானது. அதில் வரும் மேய்ப்பன் காதலிக்குத் தருவதாகச் சொல்லும் செருப்பில் பசும்பொன் கொக்கி இருக்கிறது. அந்தக் கொக்கியே போதும், பேசுவது மேய்ப்பன் வேடமிட்ட நகரவாசி என்று காட்டிக்கொடுக்க.

முதல் இரண்டு வரியோடு நிறுத்துவது

அதிகம் கெடுப்பது இதுதான். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் 10 ஆயர் கவிதைகளில் முதலாவது, விரிந்த பீச் மரத்தடியில் சாய்ந்து குழலூதும் டிட்டிரஸ் என்ற மேய்ப்பனோடு தொடங்குகிறது. அந்த இரண்டு வரியைப் பிய்த்தெடுத்து ‘கவலையற்ற கிராம வாழ்க்கை’க்குச் சான்றாக வைக்கிறார்கள். கட்டுரைக்குக் கட்டுரை இதையே பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அந்த வரிகளைச் சொல்வது யார் என்று பார்த்திருந்தாலே போதும். சொல்பவன் மெலிபியஸ். நிலம் பறிபோய் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருப்பவன். ‘நாங்கள் தாய்மண்ணை விட்டுப் போகிறோம்’ என்று மூன்றாம் வரியிலேயே சொல்லிவிடுகிறான்.

கிமு 42இல் ரோமானிய உள்நாட்டுப் போரின் பகுதியான பிலிப்பைப் போர் முடிந்ததும், படைவீரர்களுக்குப் பங்கிட்டுத் தர இத்தாலியில் பலருடைய நிலங்கள் பறிக்கப்பட்டன. பாடுபட்டுப் பண்படுத்திய வயலை ஒரு படைவீரன் எடுத்துக்கொள்ளப் போகிறானே என்று மெலிபியஸ் குமுறுவது அதனால்தான். டிட்டிரஸின் நிலம் தப்பியது ரோமில் ஒருவர் காட்டிய தயவால். ஊருக்கே இருந்த நிழல் அல்ல அது.

மெலிபியஸ் ஓட்டிப்போகும் ஆட்டைக் கவனியுங்கள். சற்றுமுன்தான் புதர் நடுவே இரட்டைக் குட்டி ஈன்றது. மந்தைக்கு நம்பிக்கையாக இருந்த அந்தக் குட்டிகளை வெறும் பாறைமேல் விட்டுவிட்டு, நடக்கமாட்டாத தாயை இழுத்துக்கொண்டு போகிறான். இந்த இடத்தைத் தாண்டிவந்த எவரும் இதை நிம்மதிப் பாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும் பேசுபவர் பெயரை எழுதுங்கள். நிலம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று குறியுங்கள். பிறகு மெலிபியஸின் முதல் 5 வரியையும் டிட்டிரஸின் கடைசி 5 வரியையும் அருகருகே வையுங்கள். தொடக்கத்தில் நிழல் இளைப்பாறும் இடம். முடிவில் அதே நிழல் மலையிலிருந்து நீண்டு இறங்குகிறது. டிட்டிரஸ் மெலிபியஸுக்குத் தருவது பழமும் பாலாடைக்கட்டியும், தங்க ஓர் இரவும் மட்டுமே.

மறுமொழியை விட்டுவிடுவது

மார்லோவின் பாடலுக்கு ராலே என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதியதாகக் கருதப்படும் பதில் 1600இல் வந்தது. சேர்த்தே படியுங்கள்.

‘இது நம் முல்லைத் திணைதானே’ என்பது

அல்ல. காடும் மந்தையும் குழலும் இரண்டிலும் உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல்: வினைமேற் சென்றவன் கார்காலத்தில் திரும்புவான் என்று ஆற்றியிருக்கும் தலைவிதான் அங்கே மையம். ஆயர் பெரும்பாலும் பின்னணியில் நிற்பார்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில் அவர்களே முன்னுக்கு வந்து ஏறு தழுவுகிறார்கள், காதலிக்கிறார்கள். ஒப்பிடுவதென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.