ஆறா, எட்டா? சொகுசு செடான் எடுக்கும்போது நம்ம பக்கத்தில் நடக்கிற தவறுகள்

கோயில் கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊருக்கு வருகிற வண்டிகளைப் பார்த்தாலே தெரியும், திருநெல்வேலிச் சீமையில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸும் பிஎம்டபிள்யூ செவன் சீரிஸும் ஆடி ஏ8-ம் இப்போது அதிசயம் இல்லை. இங்கேயே இருந்து தொழில் செய்கிறவர்களும் வாங்குகிறார்கள், புதிதாக இல்லாவிட்டாலும் செகண்ட் ஹேண்டில். அப்படி வாங்க நினைக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "அண்ணாச்சி, ஆறு சிலிண்டர் எடுக்கவா, எட்டு எடுக்கவா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது மூன்று: வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள், எந்த ரோட்டில் ஓடும், கோளாறு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சிலிண்டர் கணக்கு தானாகவே முடிந்துவிடும். பதில் யோசிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பின்னால் லட்சக்கணக்கில் இழப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கியில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்து எஞ்சினை முடிவு பண்ணுவதிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு காலத்தில் அந்த எண் உண்மையைச் சொன்னது, இப்போது சொல்வதில்லை. பிஎம்டபிள்யூ 740 என்றால் 2008 வரைக்கும் வி8, அதாவது சிலிண்டர்களை வி வடிவில் இரண்டு வரிசையாக வைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் (அதே அமைப்பில் ஆறு இருந்தால் வி6). அடுத்த தலைமுறையில் அதே 740 என்ற பெயர் 3 லிட்டர் ஆறு சிலிண்டருக்குப் போய்விட்டது. மெர்சிடிஸ் எஸ் 500 என்றால் நம்ம ஆட்கள் மனதில் எட்டு சிலிண்டர்தான், ஆனால் 2020இல் வெளிவந்த எஸ் கிளாஸ் தலைமுறையில் எஸ் 500 என்பது 3 லிட்டர் ஆறு சிலிண்டர், எட்டு வேண்டுமென்றால் எஸ் 580 பார்க்க வேண்டும். லெக்ஸஸ் எல்எஸ் 500-இல் 5 லிட்டரும் இல்லை, எட்டு சிலிண்டரும் இல்லை, உள்ளே இருப்பது வி6. ஆடி ஏ8 எல் 55 என்பதில் அந்த 55 லிட்டர் கணக்கே கிடையாது, எவ்வளவு பவர் என்பதற்கான தர எண். ஆகவே பேசும்போது "எஸ் 500 ஒன்று வந்திருக்கிறது" என்று புரோக்கர் சொன்னால், எந்த வருஷ மாடல், எஞ்சின் கோடு (கம்பெனி அந்த எஞ்சினுக்கு வைத்திருக்கிற குறியீடு) என்ன என்று கேளுங்கள். அந்தக் கோடு கிடைத்தால் அந்த எஞ்சினின் ஜாதகம் முழுவதையும் தேடிப் படித்துவிடலாம். கோடு சொல்லத் தெரியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, எட்டு சிலிண்டர் என்றால் பின்சீட்டில் சொகுசு கூடும் என்ற எண்ணம். இது பாதிதான் உண்மை. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எல்லா சிலிண்டரும் ஒருமுறை வெடிக்க வேண்டும், அது 720 டிகிரி. ஆறு சிலிண்டரில் 120 டிகிரிக்கு ஒருமுறை, எட்டில் 90 டிகிரிக்கு ஒருமுறை வெடிப்பு நடக்கிறது. எட்டில் இடைவெளி குறைவு, இழுவை கொஞ்சம் சீராக வரும், சரி. ஆனால் அதிர்வு என்பது வேறு கணக்கு. ஆறு சிலிண்டரையும் ஒரே வரிசையில் வைத்த எஞ்சினில் முன்மூன்று பிஸ்டனும் பின்மூன்று பிஸ்டனும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல அசைவதால் அதிர்வு விசைகள் தமக்குள்ளேயே அடித்துப்போய்விடும், அதற்கென்று தனியாக ஒரு ஷாஃப்ட் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வி6 அப்படிப்பட்டது அல்ல, இயல்பிலேயே அதற்கு ஒரு ஆட்டம் உண்டு, அதிர்வுக்கு எதிராகச் சுழல்கிற பேலன்ஸ் ஷாஃப்ட் போட்டும், எஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங் போட்டும் அடக்குகிறார்கள். மெர்சிடிஸ் 1997 வாக்கில் வரிசை ஆறை விட்டு வி6-க்குப் போனது, இருபது வருஷம் கழித்து எம்256 என்ற எஞ்சினோடு வரிசை ஆறுக்கே திரும்பி வந்தது. பிஎம்டபிள்யூ வரிசை ஆறை விடவே இல்லை. ஆகவே "ஆறு" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு சங்கதி, வரிசை ஆறா வி6-ஆ என்று பிரித்துப் பார்க்காமல் எட்டோடு ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை. நல்ல வரிசை ஆறு ஐடிலில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி, நின்றால் நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் எஞ்சின் ஓடுகிறதா என்றே பின்சீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாது.

அப்புறம் அந்தச் சொகுசில் பெரும்பங்கு ஏர் சஸ்பென்ஷனுக்கும் (காற்றுப் பையில் வண்டியைத் தாங்குகிற அமைப்பு) வீல்பேஸுக்கும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) டயருக்கும்தான். அப்பா அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, குடும்பத்தோடு குற்றாலம் போக வண்டி எடுக்கிறவர், வி8-க்குக் கொடுக்கிற கூடுதல் காசில் நாலு நல்ல டயரையும் சஸ்பென்ஷன் பராமரிப்பையும் பார்த்துக்கொண்டால் பெரியவர்களின் முதுகுக்கு அதுதான் உதவும்.

குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்ப்பதும் அதே வகைத் தவறு. பழைய எஸ் 500-இல் இருந்த 5.5 லிட்டர் வி8 கொடுத்தது 388 குதிரைத்திறன், 530 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றுகிற இழுவை விசை), ஆனால் அந்த டார்க் முழுசாகக் கிடைக்க எஞ்சின் 2800 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 2800 சுற்று, வரவேண்டும். 2020இல் வந்த தலைமுறையின் எஸ் 450-இல் இருக்கிற 3 லிட்டர் ஆறு 500 நியூட்டன் மீட்டரை 1600 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது, அதோடு 48 வோல்ட் மோட்டார் ஒன்று தொடக்கத்தில் தள்ளிவிடுகிறது. நம்ம ரோட்டில் இதுதான் முக்கியம். காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்கிற நீளமான டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்போது 50-இலிருந்து 90-க்குப் பட்டென்று போகிற இழுவைதான் நமக்கு வேண்டும். அந்த இழுவை கீழ் ஆர்பிஎம்மில் இருந்தால் போதும், இன்றைய டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற விசிறி) போட்ட ஆறுகளில் அது தாராளமாக இருக்கிறது. நான்குவழிச் சாலையில் சட்டப்படி 100 கிலோமீட்டர்தான் எல்லை. முந்தைய தலைமுறை 740எல்ஐ நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொட 5.6 வினாடி, வி8 போட்ட 750எல்ஐ 4.7 வினாடி. இந்த ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தைக் கயத்தாறு டோல் தாண்டி ஒரு தடவை அனுபவித்துப் பார்க்கலாம், டிரைவர் ஓட்டி நீங்கள் பின்னால் உட்கார்ந்து வருகிற அன்றாடத்தில் அதற்கு இடமே கிடையாது.

இனி சொல்லப்போவதுதான் ஊரில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வி8 எடுப்பது. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் பல வருஷமாகக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே பெரிய வண்டிகள் விலை விழுந்து தெற்கே வருகின்றன. கோடி ரூபாய்க்கு மேல் விற்ற வண்டியைப் புது இன்னோவா விலைக்கும் கீழே கேட்கிறார்கள். ஆசை வரும்தான். ஆனால் வாங்கும் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் சாமான் விலை இறங்கவில்லை. டர்போவும் இஞ்செக்டரும் (எரிபொருளைப் பீய்ச்சுவது) ரேடியேட்டரும் கோடி ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும், அதுவும் டர்போ வைத்த வி8-இல் இரண்டு டர்போ, எட்டு இஞ்செக்டர், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்க எட்டு காயில். ஸ்பார்க் பிளக் கணக்கைக்கூட கேளுங்கள்: 1998 வாக்கில் ஆரம்பித்த மெர்சிடிஸ் எம்113 வி8-இல் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16. எஞ்சின் ஆயில் பிஎம்டபிள்யூவின் பி58 வரிசை ஆறுக்கு 6.5 லிட்டர், அவர்களுடைய வி8-க்கு 8.5 லிட்டரிலிருந்து மேலே.

அந்த பிஎம்டபிள்யூ வி8-ஐப் பற்றி, என்63 என்று பெயர், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2008இல் வந்த அதில் டர்போ இரண்டையும் வி வடிவத்தின் நடுவிலேயே வைத்தார்கள். எஞ்சின் கச்சிதமாக ஆனது, டர்போ சீக்கிரம் வேகம் எடுத்தது, ஆனால் சூடு முழுவதும் எஞ்சின் நடுவில் தேங்கியது. அந்தச் சூட்டில் வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கிற வால்வு சீல் இறுகிப்போய் எஞ்சின் ஆயில் குடிக்கும், பக்கத்தில் இருக்கிற ரப்பர் ஹோஸும் பிளாஸ்டிக்கும் நொறுங்கும். அமெரிக்காவில் 2014 கடைசியில் இந்த எஞ்சினுக்காகவே டைமிங் செயின், இஞ்செக்டர், பேட்டரி முதலியவற்றைப் பார்த்துக்கொடுக்கத் தனித் திட்டமே கம்பெனி அறிவித்தது. பிறகு வந்த மேம்பட்ட பதிப்புகள் எவ்வளவோ தேவலை. ஆனால் நம்ம கைக்கு மலிவாக வருவது பெரும்பாலும் அந்த முதல் பதிப்புதான், அதைச் சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை சிக்னலில் ஏசியோடு நிறுத்தப் போகிறோம்.

இதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் சில வினாடியில் சலசலவென்று சத்தம் வந்தால் செயின் பக்கம் சந்தேகப்பட வேண்டும். சூடானதும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு ஒரு மிதி மிதித்துப் பின்னால் நீலப் புகை வருகிறதா பாருங்கள், வந்தால் வால்வு சீல். ஸ்கேனர் போட்டு எல்லா மாட்யூலும் (வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர்கள்) பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய நாளே அவற்றில் பதிவான கோளாறு கோடுகளை அழித்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு, ஆகவே ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டாவது தடவையும் ஸ்கேன் பண்ணுங்கள். வெளிமாநில வண்டி என்றால் அங்கத்திய ஆர்.டி.ஓ. கொடுக்கிற தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. கையில் இருக்கிறதா, லோன் பாக்கி நிற்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள், தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெரிய வேலை வந்தால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும், அந்த வாடகையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஆறு எடுத்தால் தலைவலி இல்லை" என்று முடிவு பண்ணினால் அதுவும் தவறு. மெர்சிடிஸின் எம்272 வி6-இல் ஆரம்ப வருஷ எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்தது, அதே குடும்பத்து எம்273 வி8-இல் செயினை ஓட்டுகிற ஐட்லர் கியர் தேய்ந்தது. இரண்டுக்கும் எஞ்சினையே கீழே இறக்கி வேலை பார்க்க வேண்டும். ஆறுக்கு வந்த வைத்தியச் செலவும் எட்டுக்கு வந்த செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டீசல் ஆறு எடுத்து டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும், அது நீண்ட ஓட்டம் கேட்கிற எஞ்சின். வாரத்துக்கு ஒருதரமாவது மதுரையோ நாகர்கோவிலோ போய்வருகிறவருக்குத்தான் டீசல் சரி.

மைலேஜைப் பற்றி ரொம்பப் பேசுகிறார்கள், அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. ஒரு பேச்சுக்கு ஆறு லிட்டருக்கு 8 கிலோமீட்டர், எட்டு 6 கிலோமீட்டர் என்று வையுங்கள், மாசம் 1000 கிலோமீட்டர் ஓடினால் 42 லிட்டர் வித்தியாசம், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். புது வண்டியில் விலை வித்தியாசம் 30 லட்சம் என்றால், 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்பதால், வரியில் மட்டும் 6 லட்சம் கூடுகிறது. கவலைப்பட வேண்டியது இதற்கு. பெட்ரோலில் கவனிக்க வேண்டியது வேறு: டேங்க் மூடியின் உள்பக்கம் குறைந்தபட்ச ஆக்டேனும் எத்தனால் அளவும் எழுதியிருக்கும். பழைய வண்டிகளில் அங்கே இ10 (10 சதவீதம் எத்தனால்) என்று மட்டும் இருந்தால், இப்போது பங்கில் வருகிற இ20-க்கு (20 சதவீதம்) அந்த வண்டியின் ஹோஸும் சீலும் தாங்குமா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும், வி8 எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தானே ஓட்டுகிறவர், ராத்திரி கன்னியாகுமரிச் சாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சாவியை எடுக்கிறவர், வருஷத்துக்கு ஒரு பெரிய தொகையைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கக்கூடியவர், அவருக்கு எட்டுதான் சரி. அந்த எஞ்சின் கொடுக்கிற சந்தோஷத்தை ஆறு கொடுக்காது. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஒரு மதிப்பு வேண்டும் என்பதற்காக எடுப்பதுதான் வீண், வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் போனட்டுக்குள் எத்தனை சிலிண்டர் என்று தெரியப்போவதில்லை.

கடைசியாக ஒன்று, செகண்ட் ஹேண்டில் உள்ளூர் வண்டியே கிடைக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எத்தனையோ கார்கள் முங்கின, அதே மாச ஆரம்பத்தில் சென்னையிலும் அதுதான் கதை. இந்தப் பெரிய செடான்களில் கன்ட்ரோல் மாட்யூலும் பேட்டரியும் வயரிங்கும் தரைக்குக் கீழேயும் டிக்கி ஓரத்திலும் இருக்கும், தண்ணீர் பட்டால் ஆறு, எட்டு என்ற வித்தியாசம் இல்லாமல் மாசக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க விற்கிறவர் சம்மதிக்க வேண்டும், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் சேறு ஒட்டியிருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் கறை தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரை வாங்கி, அந்த டிசம்பரில் கிளெய்ம் ஏதாவது போட்டிருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டுவிட்டு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரையும் சேர்த்துப் புது பாலிசி போட்ட பிறகு வண்டியை எடுங்கள்.