காடை முட்டை பொரிப்பதும் குஞ்சுகளைத் தேற்றுவதும்: புதியவர்களுக்கான செய்முறை

காடை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் இன்குபேட்டரை, அதாவது முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் குஞ்சுகள் அதிகம் சாவது பொரித்த முதல் வாரத்தில். அதனால் பொரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்கு அப்புறம் உள்ளதை விரிவாகச் சொல்கிறேன். இங்கே சொல்வது பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடைக்கு. இது பெரும்பாலும் அடை படுக்காது, அதனால்தான் இன்குபேட்டர் தேவை.

1. முட்டை

கடையில் சமையலுக்கு விற்கும் முட்டையை நம்ப வேண்டாம். ஆண் சேராமல் இட்டதாக இருக்கலாம். மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் விட்டு வளர்க்கிற இடத்தில் கேட்டு வாங்குங்கள். இட்டு ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும். 10 முதல் 12 கிராம் எடை நல்லது. விரிசல் விட்டதை ஒதுக்குங்கள், கழுவாதீர்கள்.

2. இன்குபேட்டர்

முட்டை வைப்பதற்கு முந்தின நாளே இயக்கி, சூடு நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். தானாகத் திருப்பும் வசதி இல்லையென்றால் தினமும் மூன்று அல்லது ஐந்து தடவை கையால் திருப்புங்கள். ஓட்டில் கரும்புள்ளிகள் நிறைய இருப்பதால் டார்ச் அடித்துக் கரு பார்ப்பது கோழி முட்டையைப் போலச் சுலபமில்லை. முதல் முறை அதைச் செய்யாமல் விட்டாலும் பரவாயில்லை. கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

3. 14ஆம் நாள் முடிந்ததும்

திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். 17 அல்லது 18ஆம் நாள் பொரிக்கும். ஓடு உடைய ஆரம்பித்த பிறகு மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறினால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அது வெளியே வர முடியாமல் செத்துவிடும். கத்துகிறதே என்று உரித்துவிடவும் போகாதீர்கள். பொரித்த குஞ்சு நன்றாகக் காயட்டும். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் ஒரு நாள் வரை தீனி இல்லாமல் தாங்கும்.

4. முதல் வாரம்

குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் அடைப்பை (புரூடர்) பொரிப்பதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள். அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டினால் போதும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குமிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும்.

சூடு: மேலே பல்பைத் தொங்கவிடுங்கள். குஞ்சு மட்டத்தில் 35 முதல் 37 டிகிரி. வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளின் நடத்தையைத்தான் நான் நம்புவேன். பல்புக்கு அடியில் குமிந்துகொண்டு ஓயாமல் கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பல்பை உயரத் தூக்கிக் கட்டுங்கள். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. பகலில் வெயில் அடிக்கிறது என்று இரவிலும் பல்பை அணைத்துவிடாதீர்கள்.

தரை: செய்தித்தாள் வழுக்கும். கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, குஞ்சு நடக்க முடியாமல் போகும். சாக்கையோ நெளிவுள்ள அட்டையையோ விரியுங்கள்.

தண்ணீர்: குஞ்சின் எடையே ஏழெட்டு கிராம்தான். அரை அங்குல ஆழத் தண்ணீரில்கூட விழுந்து மூழ்கும், நனைந்தால் விறைத்துவிடும். தட்டு நிறையக் கோலிக்குண்டு போட்டு, இடுக்கில் மட்டும் தண்ணீர் தெரியும்படி ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. விட்டதும் சில குஞ்சுகளின் அலகை மெல்ல அதில் நனைத்துவிட்டால், மற்றவை பார்த்துக் குடிக்கும்.

தீனி: புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத ஸ்டார்ட்டர் தீவனம் (சின்னக் குஞ்சுகளுக்கான தீவனம்). குருணை பெரிதாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, முதல் இரண்டு நாள் தரையிலேயே தூவுங்கள்.

எலி, பூனை, எறும்பு மூன்றுக்கும் பயப்படுங்கள். மேலே வலை கட்டுங்கள். ஓர் அங்குல ஓட்டை இருந்தால் குஞ்சே வெளியே போய்விடும்.

5. மூன்று வாரம் ஆனதும்

இறகு மூடிவிட்டால் பல்பு தேவைப்படாது. மார்பு ஒரே செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெட்டை. அப்போதே பிரித்து வேறு கூண்டுக்கு மாற்றலாம்.