கடை போர்டில் எழுத்தும் படமும் நேராக நிற்க: இங்க்ஸ்கேப் அலைன் பாடம்

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயை விற்கும் சின்னக் கடை ஒன்றுக்கு போர்டு வரைந்து பழகுவோம். மேலே பச்சைப் பட்டையில் 'கத்திரிக்காய்', நடுவில் மூன்று படங்கள், கீழே 'புதுசு', 'கிலோ 60'. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், இதற்கு அதுவே போதும்.

எல்லாவற்றையும் கண் போன போக்கில் வைத்துவிட்டு, கண்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அழுத்துங்கள். பொருள்களை வரிசையாகச் சேர்க்கும் அலைன் பலகை திறக்கும். பட்டன்களைத் தொடுவதற்கு முன் 'ரிலேட்டிவ் டு' என்ற பெட்டியைப் பாருங்கள். எது அசையாமல் நிற்கும், எது நகர்ந்து வரும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். போன முறை வைத்த தேர்வே அதில் அப்படியே இருக்கும். அதை நினைவூட்ட எந்த அடையாளமும் இல்லை, இது பலகையின் குறை என்றே சொல்வேன். அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே பட்டனைத் தொடுங்கள்.

இப்போது அதில் 'லாஸ்ட் செலக்டட்' வையுங்கள். முதலில் எழுத்தைக் கிளிக் செய்து, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு பட்டையைக் கிளிக் செய்யுங்கள். பலகையில் பட்டனை அழுத்தினால் கடைசியாகத் தொட்ட பட்டை நிற்கும், எழுத்து அதைத் தேடி வரும். மவுஸை இழுத்து வளைத்துப் பிடித்தால் எது கடைசி என்றே தெரியாது.

அடுத்த குழப்பம் பட்டனின் பெயர். 'வெர்ட்டிகல் ஆக்ஸிஸ்' என்று இருப்பதால் மேலும் கீழும் நகரும் என்று தோன்றும். உண்மையில் பொருள் இடம் வலமாக நகர்ந்து, செங்குத்தான கோட்டின் மேல் வந்து சேரும். பெயரை விட்டுவிட்டு, பட்டனில் உள்ள கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டில்தான் எல்லாம் வந்து சேரும்.

பட்டையின் நடுவில் வைத்த பிறகும் 'கத்திரிக்காய்' கொஞ்சம் கீழே இறங்கியது போல் தெரியும். மேலே இருக்கும் புள்ளிகளையும் சேர்த்து அளந்துதான் மென்பொருள் நடுவைக் கணக்கிடுகிறது. நம் கண் எழுத்தின் உடலை மட்டும் பார்க்கிறது. ஆல்ட்டோடு மேல் அம்புக்குறியைத் தட்டி, கண்ணுக்குச் சரியாகப் படும் வரை சிறிது சிறிதாக உயர்த்துங்கள். தமிழ் எழுத்துக்கு இந்தக் கைத்திருத்தம் கட்டாயம் வேண்டும்.

'புதுசு', 'கிலோ 60' இரண்டையும் கீழ் விளிம்பை வைத்துச் சேர்க்காதீர்கள். 'பு', 'சு' இரண்டின் காலும் கீழே இறங்குவதால் 'புதுசு' மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பட்டன்கள் மேல் மவுஸை வைத்துப் பார்த்து, 'பேஸ்லைன்' (எழுத்தின் உடல் உட்காரும் கோடு) என்று காட்டுவதில் எழுத்துகளை ஒரே கிடைக்கோட்டில் நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள்.

மூன்று படங்களையும் சமமாகப் பரப்பி வைக்க அதே பலகையில் உள்ள 'டிஸ்ட்ரிபியூட்'. அகலம் வெவ்வேறாக இருந்தால் மையங்களைச் சமமாக்கும் பட்டன் உதவாது, இடைவெளிகளைச் சமமாக்கும் பட்டன் வேண்டும். இரு ஓரப் படங்களும் நின்ற இடத்திலேயே நிற்கும், நடுப்படம் மட்டும் நகரும். அப்புறம் மூன்றையும் கண்ட்ரோல் + ஜி கொடுத்து ஒன்றாக்கி, 'ரிலேட்டிவ் டு' பெட்டியில் 'பேஜ்' வைத்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றாக்காமல் செய்தால் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், கண்ட்ரோல் + இசட் இருக்கிறது.

அச்சுக்கடையில் கோரல்டிரா என்ற வேறு வரைகலை மென்பொருள் வைத்திருந்தால் அங்கேயும், ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யும்போது, கடைசியாகத் தொட்டதுதான் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பின், நிற்க வேண்டியதை இன்னொரு முறை கிளிக் செய்ய வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன் ஃபைலை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் எழுத்துகளைத் தேர்ந்து, அவற்றை வெறும் கோட்டு உருவமாக மாற்றும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். அப்படி மாற்றாமல் கொடுத்து, உங்கள் ஃபான்ட் அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்து, சேர்த்ததெல்லாம் கலைந்துவிடும். எழுத்தைத் திருத்த வேண்டி வந்தால் பழைய ஃபைலைத் திறந்துகொள்ளலாம்.