தொண்டையைத் திறக்க வைத்த ஓட்டக்காரர்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை எனக்கு. ஓவர்டைம் முடித்து வீடு சேர்ந்தால், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியின் பாட்டைப் பழக மனசே வராது. நல்ல குரல் என்று ஊரில் சொல்வார்கள். அது வீணாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அமெரிக்க ஓட்டக்காரர் ஸ்டீவ் பிரீஃபோன்டைனைப் பற்றித் தெரியவந்தது. 1972, மியூனிக் ஒலிம்பிக், 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். வயது 21. ஏதாவது ஒரு பதக்கம் போதும் என்று மற்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடவில்லை அவர். கடைசி நான்கு சுற்று இருக்கும்போதே முன்னால் போய் வேகத்தைக் கூட்டினார். முடிவுக் கோட்டை நெருங்கும்போது கால் துவண்டு, வெண்கலமும் கைநழுவி, நான்காவதாக வந்தார். 1975இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 24தான். முழுசாக முயலாவிட்டால் கிடைத்த வரத்தையே பலி கொடுக்கிறோம் என்பது அவர் எண்ணம். அந்த நான்காம் இடம் எனக்குத் தங்கத்தைவிடப் பெரிசு.

சரி, நான் செய்தது இதுதான். வந்ததும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் எழ முடியாது. பையை மாட்டிவிட்டு நேரே மொட்டை மாடி. மூச்சு முட்டும் உச்ச வரியைத்தான் முதலில் பாடுவேன், அப்புறம் முழுப் பாட்டு. முன்பு அந்த வரி வந்தாலே குரலை அடக்கிவிடுவேன். "தொண்டையப் பொத்தி வெச்சு என்ன பண்ணப் போற, கண்ணு?" என்பார் ஆசிரியர். இப்போது அங்கே முழுக் குரல். செல்போனில் பதிந்து, மறுநாள் பஸ்ஸில் கேட்டுப் பிசிறைக் குறித்துக்கொள்வேன்.

அடுத்த அரங்கேற்றம் காங்கேயம் பக்கம். முன்பாட்டு என்னுடையது.