வான்கோழியைப் பிரித்துச் சமைத்தால் பாதி வேலை முடிந்தது

முழு வான்கோழியை அப்படியே ஓவனில் வைத்தால் நெஞ்சுக்கறி வறண்டுபோகும், தொடை வேகாமல் நிற்கும். நெஞ்சுக்கறி 74 டிகிரி செல்சியஸிலேயே பதமாகிவிடும். தொடைக்கறியோ 80-ஐத் தாண்டினால்தான் சவ்வு கரைந்து மிருதுவாகும். ஆகவே பறவையைத் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் துண்டு போட்டுவிடுங்கள்.

உறைந்த கறி முழுக்க உருக, ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஒரு நாள் ஆகும். 5 கிலோ என்றால் மூன்று நாள் முன்பே எடுத்து வையுங்கள். வயிற்றுக்குள் ஈரலும் கழுத்தும் பையில் இருக்கும், மறக்காமல் எடுத்துவிடுங்கள். குழாயடியில் கழுவ வேண்டாம். கிருமி தெறித்துச் சமையலறை முழுக்கப் பரவும்.

உருகியதும் கிலோவுக்கு 10 கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தடவி, மூடாமல் ஒன்றிரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், தோலும் உலரும். ஈரத்தோல் மொறுமொறுப்பாகாது. உப்புக் கரைசல் ஏற்றிய கறி என்று உறையில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கரித்துவிடும்.

தட்டையாக: நெஞ்சைக் கீழே வைத்து, முதுகெலும்பின் இருபுறமும் கத்தரித்து எடுங்கள். திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பில் உள்ளங்கையை ஊன்றி ‘மளுக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இறக்கை நுனி கருகாமலிருக்க அடியில் செருகுங்கள். ட்ரேயில் வெங்காயம், கேரட் பரப்பி அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு புகைந்து தள்ளும். மேலே கம்பித்தட்டு வைத்து 220 டிகிரியில் வேகவிட்டால் 5 கிலோவுக்கு ஏறக்குறைய 80 நிமிடம். ஒரு மணி நேரம் ஆனதுமே தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் நெஞ்சின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 வந்ததும், தொடையும் 80 தொட்டிருந்தால் வெளியே எடுத்து 20 நிமிடம் கழித்து வெட்டுங்கள். சுடச்சுட வெட்டினால் சாறெல்லாம் பலகையில்தான்.

பிரித்து: விருந்தினருக்கு முன்னால் முழுப்பறவை வேண்டுமென்ற ஆசை இல்லையென்றால் இதுவே உத்தமம். கால், தொடைகளை எண்ணெயில் சிவக்க வதக்கி, வெங்காயம், பூண்டு, பாதி உயரத்துக்கு எலும்புச்சாறு சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். தோல் சாற்றுக்கு மேலே இருக்கட்டும். முந்தைய நாளே செய்துவைத்தால் ருசி கூடும். நெஞ்சுக்கறியை எலும்பு நீக்கி ஒன்றரை சென்டிமீட்டராகத் தட்டி, பூண்டோடு வதக்கிய காளானைப் பரப்பிச் சுருட்டி நூலால் கட்டுங்கள். காளானில் துளி தண்ணீர் நின்றாலும் சுருள் சொதசொதவென்று பிரியும். ஒன்றரைக் கிலோ சுருளுக்கு 180 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். நடுவிலும் 74 வர வேண்டும்.

எண்ணெயில் பொரிக்க: கிலோவுக்கு ஏழெட்டு நிமிடம்தான், தோல் அபாரமாக வரும். ஆனால் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பறவையைப் பாத்திரத்தில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, வெளியே எடுத்தபின் நிற்கும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அதற்கு மேல் போகக்கூடாது. பிறகு பாத்திரம், கறி இரண்டையும் ஒட்டத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் 175 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக இறக்கி, மறுபடி பற்றவையுங்கள். உள்ளே ஒரு பனிக்கட்டி மிச்சமிருந்தாலும் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும்.

வெட்டியெடுத்த முதுகெலும்பை எறியாதீர்கள். கழுத்தோடு சேர்த்து மூன்று மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டால் கிரேவிக்கு வேண்டிய சாறு கிடைத்துவிடும்.